வீட்டுக்காரர் எங்களோடு குடிவந்த கதை

கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், என் கணவருக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் எழுத்தர் வேலை கிடைத்து முக்கூடலிலிருந்து வந்தோம். டவுனில் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சிந்துபூந்துறையில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி தம் வீட்டின் பின்பாதியை எங்களுக்குக் கொடுத்தார். முன்பாதியில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளையில்லாத அந்த அக்கா, என் கைக்குழந்தையைக் காலையில் தூக்கிப் போனால் பசிக்கு அழும்போதுதான் திருப்பித் தருவாள்.

பக்கத்து ரயில் ஜங்ஷனை ஒட்டி ஆட்கள் குடியேறக் குடியேற வீடுகளுக்குக் கிராக்கி ஏறியது. ஒரு நாள் அண்ணாச்சி தயங்கித் தயங்கி என் கணவரிடம் சொன்னார்: "தம்பி, வக்கீல் ஒருத்தர் வாடகை கூடத் தாரேங்கார். நீங்க பைய வேற இடம் பாருங்க."

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"வக்கீலுக்கு நம்ம பாதியைக் கொடுங்க. அது பெருசுதான, இன்னும் கூடவே கிடைக்கும். நாம இங்கன இவுகளோட இருந்துக்கிடுவோம்."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தோம். மறுநாளே பாத்திரங்களை எங்கள் அடுக்களைக்குக் கொண்டுவந்துவிட்டாள். வக்கீல் குடும்பம் முன்பாதிக்கு வந்தது. அண்ணாச்சி தம் சொந்த வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனக்காரர் ஆனார். இடம் போதாமல் கொல்லைத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுக்கப் பழகிய பிறகு, கடையடைத்து வந்ததும் "பிள்ளை தூங்கிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்பார்.

கணவருக்கு அம்பாசமுத்திரத்துக்கு மாற்றலாகும்வரை அப்படியே இருந்தோம். வாடகையைக் கொண்டுபோய் நீட்டினால், இதில் யார் யாருக்குக் கொடுப்பது என்று அக்கா சிரிப்பாள்.