பிளேன் ஏறாத ஆடு

கியூபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வசிப்பவரும், டோர்வல் விமான நிலையத்தில் சரக்கு இறக்குபவருமான திருவாளர் இரவிச்சந்திரன், வயது ஐம்பத்து நான்கு, பூமியைச் சூடாக்கிய குற்றத்துக்கு ஆளானது சென்ற மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். அன்று வெளியே குளிர் மைனஸ் இருபத்தாறு. ஆகவே குற்றச்சாட்டை அவரால் உடனடியாக நம்ப முடியவில்லை.

வழக்குப் போட்டவள் சொந்த மகள் சாம்பவி. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். ஆடு அசைபோட்டு விடுகிற ஏப்பம் காற்றைச் சூடாக்குகிறது, ஒரு கிலோ ஆட்டிறைச்சி தட்டுக்கு வருமுன் இருபது கிலோவுக்கு மேல் கெட்ட வாயு வானத்துக்குப் போய்விடுகிறது என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"இனி வீட்டில ஆட்டிறைச்சி வேண்டாம் அப்பா."

இது லேசான தண்டனை அல்ல. இரவிச்சந்திரனுக்குச் சமைக்கத் தெரிந்த ஒரே கறி அதுதான். ஆறு நாளும் குசினி மனைவி ஜெகதீஸ்வரியின் இராச்சியம். ஞாயிறு மட்டும் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முடிசூடுவார். மற்ற நாட்களில் அறைக்குள்ளேயே போனோடு சாப்பிடுகிற மகள், அந்தக் கறிக்காக மேசைக்கு வந்து ஒரு மணித்தியாலம் அவரோடு இருந்து கதைப்பாள். ஆடு போனால் அந்த ஒரு மணித்தியாலமும் போய்விடும். ஆனால் ஒரு தகப்பன் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எனவே அவர் சட்டம் பேசினார்.

"ஏப்பம் உன்ர அம்மாவும்தான் விடுறா. அவவை என்ன செய்யப் போறாய்?"

"என்னை ஏன் இழுக்கிறியள்?" குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் வெள்ளிக்கிழமை தவறாத மரக்கறிக்காரி. இந்தப் பூமிக்கு ஒரு பாவமும் செய்யேல்லை."

அந்த அம்மையார் அப்போது வாயை மூடியிருந்தால் இந்த வரலாறு வேறு மாதிரி முடிந்திருக்கும். இரவிச்சந்திரனுக்குச் சட்டென்று வியாழக்கிழமைப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன.

"பிள்ளை, உந்தக் கொம்பியூட்டரில இதையும் ஒருக்காப் போட்டுப் பார். வியாழக்கிழமை நான் இறக்கிற பெட்டியளுக்குள்ள என்ன? முருங்கைக்காய், வல்லாரை. கொழும்பில ஏறி, துபாயில மாறி, ராசா மாதிரி வந்து இறங்குதுகள். அடுத்த நாள் கொம்மாவின்ர விரதச் சட்டியில. என்ர ஆடு கியூபெக் ஆடு. பிளேனைக் கிட்டக் கண்டிராது!"

சாம்பவி தட்டிப் பார்த்தாள். குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"ஓம் அப்பா, நீங்கள் சொல்லுறது சரி. ஆடுதான் முதலாவது. ஆனா பிளேனில வாற மரக்கறியும் கிலோவுக்குப் பத்துக் கிலோக்கிட்ட வருது."

"பாத்தியே!"

"அப்ப ரெண்டையும் விடுவம்."

விடுதலை கேட்டுப் போன குற்றஞ்சாட்டப்பட்டவர், இன்னொருவரையும் கூண்டுக்குள் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்.

ஜெகதீஸ்வரி வாசலில் வந்து நின்றாள். "உங்கட ஆட்டைக் காப்பாத்தவோ என்ர முருங்கைக்காயைக் காட்டிக் குடுத்தனீங்கள்?" காட்டிக்கொடுத்தவன் என்பதைவிடக் கனமான பட்டம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. அதைக் கொடுத்துவிட்டு அவள் மௌனவிரதம் பூண்டாள். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு முன்னால் கோவா வறையும் கரட் கறியும் பீற்றூட் கறியும் வரிசையாக வந்தன. அவை எல்லாம் கியூபெக்கில் விளைந்தவை. எல்லாவற்றிலும் கோபம் இருந்தது.

ஞாயிறு வந்தது. இரவிச்சந்திரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் அடுப்புக்கு முன்னால் நின்றார். மகள் அலுமாரியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரிசியும் தகரத்துத் தேங்காய்ப்பாலும் கப்பலில் வந்தவை என்பதால் மன்னிக்கப்பட்டன. கடைசிப் பையில் கை நின்றது.

"அப்பா, இந்த மைசூர்ப் பருப்பு இஞ்ச, சஸ்கச்சுவான் வயலில விளைஞ்சது. சிறிலங்காவுக்கே இஞ்சயிருந்துதான் கனக்கப் போகுதாம்."

அவர் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் அவர் சாப்பிட்ட பருப்பு அகதியாக வந்தது. அவர் அகதியாக வந்த இடத்தில் பருப்பு மண்ணின் மைந்தன்.

வேறு வழியில்லை. பருப்புக்கு ஆட்டுக்குரிய சகல மரியாதைகளும் செய்யப்பட்டன. இஞ்சி, உள்ளி, கறுவா, ஏலம், இறைச்சிக்கறிக்கென்று சரக்குகளை வறுத்து இடித்த இறைச்சித்தூள் எல்லாம் இறங்கின. ஆடு என்றால் இரண்டு மணித்தியாலம் அவியும். இந்த மானங்கெட்ட பருப்பு இருபது நிமிடத்தில் கரைந்துபோய் அவருடைய ஆட்சிக்காலத்தைச் சுருக்கிவிட்டது.

ஆனாலும் சாம்பவி மேசைக்கு வந்தாள். சோறு போட்டாள், கறி போட்டாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆட்டின் ஏப்பத்தில் தொடங்கி விரிவுரையாளரின் தலைமயிர் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தாள். இரவிச்சந்திரன் ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டார். அவ்வளவு நிம்மதி.

கடைசியில் ஜெகதீஸ்வரியும் ஒரு வாய் அள்ளிப் பார்த்து, மௌனத்தைக் கலைத்தாள்.

"பருப்புக்கு இறைச்சித்தூள் போட்ட மனுசனை நான் இப்பதான் காணுறன். உப்பும் காணாது."

இரவிச்சந்திரன் பாய்ந்து போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தார். உப்பு எந்த ஊர் என்று தேட மகளின் கை மடிக்கணினிப் பக்கம் திரும்புமுன் போட்டுக் கிளறியும் விட்டார்.