சித்தப்பாவின் ஈறும் ஒரு மேசைக் காற்றாடியும்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பாசம் என்பது ஒரு மேசைக் காற்றாடி என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. புந்தோங்கில் எங்கள் வீட்டில்தான் சித்தப்பாவும் அவர் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த சித்தியும் இருந்தார்கள். சாயங்காலம் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், சித்தி தன் பக்கத்தில் காற்றாடியை வைத்து, அதைச் சித்தப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிவிடுவார். சித்தியின் நெற்றியில் வேர்வை வழியும். துடைத்துக்கொள்வாரே தவிர, காற்று மொத்தமும் புருஷனுக்குத்தான். கல்யாணம் கட்டினால் நானும் புருஷன்மேல் இப்படித்தான் பாசம் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தி மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்குமே சித்தப்பா செல்லம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா அவர் கையில் மட்டும் கிராம்பு வைப்பார். அப்பா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் தம்பிக்கென்று தனியாகப் புதினா மிட்டாய் வாங்கி வருவார். ஆயர் தாவார் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிற ஆறடி ஆளுக்கு எதற்கு மிட்டாய்? எனக்கு வயிறு எரியும்.

இவ்வளவு பாசம் வைத்த சித்தி, வாராவாரம் பாகான் டத்தோவில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிறே திரும்பிக்கொண்டிருந்தவர் திங்கள் வந்தார், பிறகு செவ்வாய். "இந்தத் தடவ போனா வருவாளான்னே தெரியலங்க" என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. இழுக்காமல் கொள்ளாமல் என் தலையைப் பின்னிவிடத் தெரிந்த ஒரே ஆள் சித்தி. அவர் போய்விட்டால் மறுபடியும் அம்மாவின் சீப்புதான். அதை விடுங்கள், சித்தி என்றால் எனக்கு உயிர்.

அந்த வாரம்தான் எங்கள் பள்ளிக்குப் பல் மிஸ்ஸி, அதாவது பல் பார்க்கும் தாதி, வந்தார். வெள்ளை உடுப்பும் சின்னக் கண்ணாடியுமாக எங்கள் வாயையெல்லாம் பார்த்தார். ஈறு வீங்கினாலோ, பல் துலக்கும்போது ரத்தம் வந்தாலோ சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் நான் கையில் டார்ச் விளக்கோடு மிஸ்ஸியாகிவிட்டேன். அப்பா ஆ காட்டினார். அம்மா அடுப்படியில் நின்றபடியே ஆ காட்டினார். சித்தப்பா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பெரிதாக வாயைத் திறந்தார். ஈறெல்லாம் வீங்கிச் செக்கச்செவேலென்று இருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"ஐயே, சித்தப்பா! வாய் நாறுது!"

ஊருக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி தலையை நிமிர்த்தவே இல்லை. சித்தப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாராவது மறுத்துப் பேசினால்தானே! முகத்துக்கு நேரே சொன்னால் மனசு நோகுமே என்று கிராம்பும் மிட்டாயும் கொடுத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"பெரிய மிஸ்ஸியே சொல்லிட்டாங்க. நாளைக்கே பல் டாக்டருகிட்ட போலாம். தொணைக்கு வாரியா?"

மறுநாள் பள்ளி விட்டதும் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, ஈறுதான் கெட்டுப்போயிருக்கிறது என்றார். ஈறுக்கு அடியில் வேர்வரை காரை படிந்திருக்கிறதாம். மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். இன்றைக்கு வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். ஊசி என்ற சொல் வந்ததும் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிற மனிதர்! எனக்கு மானம் போயிற்று. டாக்டரிடம் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

"அது சாமிக்குக் குத்துறது லா, வலிக்காது. இது டாக்டர் குத்துறது" என்றார் சித்தப்பா.

"நானும் முருகனக் கும்பிட்டுத்தான் குத்துறேன். ஒக்காருங்கண்ணே" என்றார் டாக்டர்.

உட்கார்ந்தார். சுரண்டி முடிக்கும்வரை என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் நசுங்கின. எனக்கென்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சித்தி வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது. கோணிய வாயோடு சித்தியிடம் என்னமோ சொன்னார், ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. சித்தி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பை உள்ளே போய்விட்டது.

அந்த வாரம் முழுக்கச் சித்தி அவருக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்தார். அடுத்த வாரம் இடது பக்கமும் முடிந்தது. காலையும் இரவும் சித்தப்பா பல் துலக்குகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. மெல்ல மெல்ல ஈறு வற்றி, காரை இருந்த இடத்தில் முன்பல் நடுவே சின்னச் சந்து தெரிந்தது. அதன் வழியாக விசில் அடிக்கவும் பழகிக்கொண்டார். சித்தி பாகான் டத்தோ பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு உலகமே சரியாகிவிட்டது.

அப்போதுதான் ஒருநாள் சித்தி அந்தக் காற்றாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டில் பக்கத்தில் வைத்து, "இனிமே இது ஒனக்குத்தான்" என்றார். எனக்குப் பகீரென்றது.

"சித்தப்பா மேல பாசம் போயிருச்சா, சித்தி?" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். அப்பா நாளிதழுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே காற்றாடியைச் சுமந்துகொண்டு போய், பழைய இடத்தில் வைத்து, சித்தப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். காற்றாடி நின்றுபோயிருந்தது. அந்தப் புழுக்கத்தில், அவ்வளவு நீளமான நாற்காலியின் ஒரே மூலையில் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், காற்றாடி கெட்டுப்போனதுகூடத் தெரியவில்லை இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.