வெள்ளைத் துணி பார்க்கும் அறை

“...அப்போ என்னைய அந்த ரூமுக்குள்ள கொண்டுபோய் உக்கார வெச்சது ஆருங்கப்பா?”

என் மகள் இப்படிக் கேட்டபோது நாங்கள் மூவரும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், டாக்டரம்மாவின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மனைவி, நடுவில் அவள். அவள் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. வலது கண்ணை எடுத்துவிடச் சம்மதம் என்று எழுதியிருந்த தாள்கள். இடது கண்ணில் பல வருஷமாகவே பால் படிந்த மாதிரி இருக்கும். அதில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வலது கண்ணை எடுத்தால் அவளுக்கு உலகம் இருட்டிவிடும். எடுக்காவிட்டால் கட்டி மண்டைக்குள் போய்விடும். அவளுக்கு வயது இருபத்திரண்டு.

கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆரம்பித்தது இது. மாரியம்மன் கோவிலுக்குக் கால்மணி நேரம் வெயிலில் தூக்கிக்கொண்டு போய்வந்தோம். சாயங்காலம் முகமெல்லாம் கொப்புளம். “வேனல் கட்டிங்க, சந்தனம் பூசுங்க” என்றார்கள். பூசினோம். இரண்டு வயதில் முகத்திலும் கையிலும் எள்ளை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள். திருப்பூர் மண்ணரையில் அப்போது குடியிருந்தோம், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “வானத்து நட்சத்திரமெல்லாம் உங்க ஊட்டுலதானுங்க எறங்கியிருக்குது” என்றார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. நானும் ரசித்தேன், நாலு பேரிடம் திருப்பிச் சொன்னேன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. மனிதர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வதுதான் என் படிப்பு.

முதலில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “சொந்தத்துல கட்டினீங்களா?” என்பதுதான். என் மனைவி என் தாய்மாமன் மகள். ஆமாங்க என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். வெயில் பட்டால் எல்லோர் தோலிலும் உள்ளுக்குள் கொஞ்சம் சேதம் ஆகும், உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும், இந்தக் குழந்தைக்கு அந்த வேலை நடக்காது. அம்மாவிடமிருந்து ஒரு பாதி, அப்பாவிடமிருந்து ஒரு பாதி வந்து சேர்ந்திருக்கிறது என்றார். நான் பனியன் கம்பெனிக்காரன், எனக்குப் புரிந்தபடி கேட்டேன்: “டேமேஜ் பீஸை ரீவொர்க் பண்ண ஆள் இல்லீங்களா?” அவர் சிரிக்கவில்லை. “ஆமாங்க, ஆளே இல்லை” என்றார்.

பிறகு வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி வந்தது. பகலில் வெளியே போவதென்றால் கையுறை, முகத்துக்குத் துப்பட்டா இரண்டு சுற்று, அகலமான கண்ணாடி, வெள்ளை வெள்ளையாய் ஒரு களிம்பு. அப்படியும் விடவில்லை. பதினோரு வயதில் மூக்கு நுனியில் ஒரு புண் வந்தது, புற்று என்றார்கள். வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அடுத்து கன்னம். அடுத்து கீழ் உதடு. நடுவில் ஒரு மருந்தைப் பூசச் சொன்னார்கள். பூசிய இடமெல்லாம் வெந்து சிவந்து உரியும், அதில்தான் சின்னச் சின்னப் புற்றெல்லாம் கருகிப் போகும். அந்த வாரங்களில் அவளால் சோறு மெல்ல முடியாது. பால்தான். ஒன்பது தடவை கத்தி பட்டிருக்கிறது. வெட்டின இடம் ஆறுவதற்குள் இன்னொரு இடத்தில் முளைக்கும். அவளோ, “என்னைய ஆராச்சும் கன்னத்துல அறைஞ்சா தொடையிலதானுங்கப்பா வலிக்கும்” என்பாள். நாங்கள் சிரிப்போம். என் மனைவி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போவாள், வெகுநேரம் வரமாட்டாள்.

பத்தொன்பது வயதில் வேலைக்குப் போவேன் என்று நின்றாள். “இன்னும் ஊட்டுக்குள்ளயே கெடந்தா என்மேல காளான் மொளைச்சிருமுங்கப்பா.”

நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் துணிக் கிடங்குக்குப் பொறுப்பு. எங்கள் கம்பெனியில் ஷேடு ரூம் என்று ஒன்று உண்டு. ஜன்னலே கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் நிறம், வாசலில் கறுப்புத் திரை. வெளி வெளிச்சம் துளி வந்தாலும் நிறம் மாறித் தெரியும் என்பதால் அப்படி. உள்ளே ஒரு பெட்டி. அதில் விதவிதமான ட்யூப்லைட். சாயம் ஏறி வந்த துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அந்தப் பெட்டிக்குள் வைத்து, வாங்குகிறவர் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவள் கேட்ட பிறகு அந்த அறையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருப்பூரிலேயே என் மகளுக்காகக் கட்டிய அறை இதுதான் என்று தோன்றியது. மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். விடியும் முன்னால் வண்டியில் கூட்டிப் போய், இருட்டிய பிறகு கூட்டி வந்தேன்.

எங்களுக்கு வந்த ஆர்டர் பெரும்பாலும் கைக்குழந்தைகளின் வெள்ளைச் சட்டை. குழந்தைத் துணியில் பளபளப்பு மருந்து கலந்திருக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கப் பெட்டியில் ஓர் ஊதா விளக்கு உண்டு. அதைப் போட்டால் மருந்து கலந்த வெள்ளை நீலமாய் எரியும். சுத்த வெள்ளை சும்மா மங்கலாகக் கிடக்கும். அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். “இது பொய் வெள்ளைங்க” என்று ஒரு வண்டிச் சரக்கையே திருப்பி அனுப்பினாள். கூட வேலை பார்த்த தென்காசிக்காரப் பெண், “ஏட்டி, கண்ணுக்குள்ள என்ன மிஷினா வச்சிருக்க?” என்பாள். இவள் இடுப்பில் கை வைத்து, “உன்ற மூஞ்சியும் பொய் வெள்ளைதான், பவுடரைத் தொடைச்சுட்டு வா” என்பாள்.

அந்த அறைக்குள் அவள் துப்பட்டாவைக் கழற்றி வைப்பாள். கண்ணாடியையும் கழற்றுவாள், இல்லாவிட்டால் நிறம் தெரியாது. களிம்பைப் பூச வேண்டாம் என்று சொன்னவன் நான். களிம்புக் கை பட்டால் வெள்ளைத் துணியில் கறை ஏறும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். “உள்ளதான் வெயிலே இல்லியே கண்ணு” என்றேன். இப்படி மூன்று வருஷம்.

ஆறு மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரியில், “வெயில்ல போறதில்லையே?” என்று கேட்பார்கள். “இல்லீங்க, ரூமுக்குள்ளதான் வேலைங்க.” சந்தோஷம் என்று எழுதிக்கொள்வார்கள். யாரும் எந்த ரூம் என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வலது கண்ணின் வெள்ளை விழியில் ஒரு சின்னத் தடிப்பு வந்தது. சீக்கிரமாகவே கூட்டிப் போனோம். மறைப்பதற்கில்லை, அதிலாவது நான் தாமதிக்கவில்லை. சுரண்டி எடுத்தார்கள். மூன்றே மாதத்தில் மறுபடி வந்து, கண்ணுக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

“கரன்ட் வெச்சுப் பார்க்கலாமுங்களா?” என்றேன், கதிர் வைத்துச் சுடுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“இது போயிருக்கற ஆழத்துக்கு அது மட்டும் போதாதுங்கய்யா” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “என்னம்மா வேலை பார்க்கறே?” என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பெருமை. ஷேடு ரூமைப் பற்றி, கறுப்புத் திரையைப் பற்றி, ஊதா விளக்கில் என் மகள் வெள்ளையைப் பிரித்துச் சொல்லும் அழகைப் பற்றி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை மணி நேரம் அந்த லைட் எரியும்?”

“நாள் பூராவுமுங்க. வெள்ளை ஆர்டர்தானே.”

“முகத்துல களிம்பு?”

என் மனைவி சொன்னாள்: “கறை படுமுன்னு இவருதான் வேண்டாமுன்னுட்டாருங்க.”

“வெயில்ல எது இவங்களுக்கு ஆகாதோ, அந்த லைட்ல வர்றதும் அதே ஜாதிதாங்க” என்றார். சத்தமே போடாமல்தான் சொன்னார். “அதனாலதான் கண்ணுல வந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இவங்களுக்கு எப்படியும் வந்திருக்கலாம். ஆனா அது சும்மா இருந்திருக்காது.”

அப்போதுதான் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நாந்தான் சாமி” என்றேன்.

அவள் தாள்களை எடுத்தாள். வலது கண்ணுக்கு அருகே, புருவத்தில் உரசுகிற அளவுக்குக் கொண்டுபோனாள். “நான் படிச்சுச் சொல்லட்டுமாம்மா?” என்றார் டாக்டரம்மா. வேண்டாம் என்று தலையாட்டினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே படித்தாள். பக்கத்தைத் திருப்பி அதையும் படித்தாள். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். படித்து முடித்ததும் பேனாவுக்குக் கையை நீட்டினாள். எழுதப் படித்த நாளிலிருந்து, என் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒரு புள்ளி வைத்துத்தான் கையெழுத்திடுவாள். அன்று அந்த எழுத்தைப் போடாமல், தன் பெயரை மட்டும் எழுதினாள்.