நிறம் மாறும் வரை

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிவந்த நாராயணசுவாமிக்கு நீரிழிவு வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. நைவேத்தியத்தைப் படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பது விதி. படைத்த பிறகு எவ்வளவு பார்க்கலாம் என்று விதி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறையை அவர் இளமையிலிருந்தே தாராளமாக நிரப்பிவந்தார்.

யுத்தம் முடிந்த வருஷம் இடது காலில் முள் குத்திய இடம் ஆறவேயில்லை. பட்டணத்து டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கால் போனால் மடைப்பள்ளியும் போயிற்று. அது மலைமேல் இருக்கிறது, யாருக்காகவும் கீழே இறங்கி வந்த வழக்கமில்லை.

டாக்டர் இன்சுலின் மருந்தும் ஊசியும் கொடுத்தார். கூடவே ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீல மருந்தும். நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். "நிறம் மாறுற வரைக்கும் ஊசியை விடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உள் அறையில் அவர் செய்த சோதனையில் என்ன நிறம் வந்திருந்தது என்பதை நாராயணசுவாமிக்குக் காட்டவில்லை. பெரிய டாக்டர்களுக்கு நேரம் குறைவு.

வீட்டில் மனைவி பார்வதம் தடை போட்டாள்.

"ஏன்னா, ஸ்வாமிக்குப் பொங்கல் கிண்டற கையால மூத்திரத்தைக் காய்ச்சப் போறேளா? என் அடுப்பண்ட வந்தேள்னா பாத்துக்கோங்கோ!"

ஆகவே விஞ்ஞானம் கடைத்தெருவுக்குக் குடிபெயர்ந்தது. சைக்கிள் கடை ஜமீல் அகமதுவுக்கும் அதே வியாதி, அதே டாக்டர், அதே உபதேசம். கடைக்குப் பின்னால் இருவரும் ஒரே ஸ்பிரிட் விளக்கில் முறைபோட்டுக் காய்ச்சினார்கள். நாராயணசுவாமியின் குழாயில் நீலம் கலங்கி, மஞ்சளாகி, செங்கல்லாகச் சிவந்தது.

"மாறிடுத்து பாய்! முதல் நாளே மாறிடுத்து! பார், முருகன் நிறம்!"

குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். உள்ளே இருப்பது என்னவென்று நினைவு வந்ததால் ஒற்றவில்லை.

ஜமீலின் குழாய் பச்சையில் நின்றது. "நமக்கு அல்லா பச்சையே குடுத்துட்டான் சாமி" என்று அவரும் திருப்தியடைந்தார். இரண்டு மதங்களும் ஒரே விளக்கில் தேறின. இரண்டு ஊசிகளும் பெட்டிக்குள் போயின.

அதன் பிறகு நாள்தோறும் சிவப்பு. நாராயணசுவாமி பொங்கலுக்குத் திரும்பினார். புண்ணும் சிவந்தது, பிறகு கறுத்தது. படியேறும்போது கைத்தடி வந்தது. சாமி சோதிக்கிறார் என்றார். இத்தனைக்கும் சோதனை அவர் கையில்தான் இருந்தது.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தங்கவேல் பஞ்சர் ஒட்ட வந்தவர், மேடையில் இருந்த சிவப்புக் குழாயைப் பார்த்தார்.

"யாருதுங்க இது?"

"என்னுதுதான். நிறம் மாறியாச்சு. ஊசியை அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா? அய்யய்யோ! செவப்புன்னா சக்கரை கொட்டிக்கினு இருக்குதுன்னு அர்த்தம் சாமி! செவப்பு போவுற வரைக்கும்னு சொல்லியிருப்பாரு டாக்டரு. நீலம் நீலமாவே நிக்கணும்!"

"அப்ப பச்சை?" என்றார் ஜமீல், குரல் இறங்கி.

"கொஞ்சம் சக்கரை இருக்குது பாய். நீயும் போட்டுக்கினுதான் ஆவணும்."

நாராயணசுவாமிக்குக் கோபம் வந்தது. "நீலம் நீலமாவே இருக்கறதுக்கு அதை எதுக்கய்யா காய்ச்சணும்?"

சரியான கேள்விதான். தங்கவேல் பதிலுக்கு அவர் காலைப் பார்த்தார். பிறகு வண்டி கூப்பிட்டார்.

பட்டணத்தில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது. திரும்பி வந்தபின் ஊசி போடும் பொறுப்பைப் பார்வதம் ஏற்றாள். தனிப் பாத்திரம், தனிக் குமுட்டி அடுப்பு, ஊசியைக் கொதிக்கவைத்துத் தொடையில் ஒரே குத்து. அவ்வளவு உற்சாகம் தேவையில்லை என்று அவர் பல முறை சொல்லிப் பார்த்தார்.

புண் வாயை மூட மாதங்கள் ஆயின. பொங்கல் வாசனையோடு நின்றது. பிறகு ஒரு காலையில் சைக்கிள் கடைக்குப் பின்னால் குழாய் கொதித்தது, குமிழ் விட்டது, அடங்கியது. நீலம், போட்டபடியே நீலம். நாராயணசுவாமி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணுமே நடக்கலையே பாய்?"

"ஆங், ஒண்ணும் நடக்கல. மணி அடிச்சிட்டாங்க, மலைக்குப் போ சாமி."

அவர் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைத்தடியைக் கடையிலேயே மறந்து படியேறினார்.