பத்தாவது மாடு

பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்கென்று மாட்டுப் படம் வரைகிறவர்கள் யாரும் மாடு வளர்த்தவர்களாகத் தெரியவில்லை. படத்தாள்களையும் கிரேயான்களையும் சுமந்துகொண்டு மூன்று மாதம் ஜவ்வாது மலை ஏறி இறங்கியதில் நான் கண்டது இது. மூன்று வயதோ நாலு வயதோ ஆன பிள்ளையை ஒரு தாளின் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வேலை இதுதான். பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போக வேண்டும். வாரம் ஒரு விலங்குப் படம் கொடுத்துத் தீட்டவைக்க வேண்டும். அதை அப்பா அம்மாவுக்கும் பழக்கிவிட வேண்டும். என் ஊர் மலைக்குக் கீழே, படவேட்டுப் பக்கம். பட்டப்படிப்பு முடித்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிடைத்த முதல் வேலை. நெல்லிவாசலைத் தாண்டி, பதினொரு பிள்ளைகள் உள்ள ஒரே ஒரு ஊர் என் பொறுப்பு. மூன்றாம் மாதக் கடைசியில் திருப்பத்தூரிலிருந்து மேற்பார்வை மேடம் வந்து அந்த வாரப் படங்களைப் பார்ப்பார். பத்துப் பிள்ளைகளாவது தங்கள் கையாலேயே முழுசாகத் தீட்டியிருக்க வேண்டும். குறைந்தால் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஊரோடு என்னையும்.

ஊசி

வாசலில் நின்று குரல் கொடுக்க எனக்குக் கூச்சம். முதல் நாள் ஒரு வீட்டு முன்னால் பையோடு நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண் எப்படியும் நிமிர்வார் என்று காத்திருந்தேன். நாய்தான் முதலில் பார்த்தது. அது குரைத்ததும் அவர் நிமிர்ந்தார். என் பையைப் பார்த்தார். "ஊசிக்காரம்மா வந்துகீது" என்று வீட்டுக்குள் சொன்னார். பின்வாசல் வழியாக இரண்டு ஜோடிக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஊசி இல்லை, படம் தீட்ட, ஒரு மணி நேரம் ஆகும், வாரா வாரம் வருவேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"ஊசியா இருந்தா தேவலை. ஒரு நிமிசத்துல குத்திட்டுப் போய்ட்டே இருப்பீங்க."

சிரிக்கிற கரடி

இரண்டாவது வாரப் படம் கரடி. கையில் தேன் ஜாடி, கழுத்தில் ரிப்பன், முகம் முழுக்கச் சிரிப்பு. நான் போன வீட்டுக்காரர் காட்டில் தேன் எடுக்கப் போகிறவர். மகள் கிரேயானை எடுப்பதற்குள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாங்க?"

"கரடிங்க."

"இன்னாத்துக்கு சிரிக்குது?"

தேன் கிடைத்த சந்தோஷமாக இருக்கும் என்றேன். அவர் லுங்கியைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே நீளமாக ஓடிய ஒரு பழைய தழும்பைக் காட்டினார். பிறகு தாளை மகளிடம் கொடுத்து, "பாப்பா, கறுப்பு எடு. வாயையும் சேத்துப் போட்டுடு" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"தேன் கெடைச்ச சந்தோசத்துல அன்னிக்கு சிரிச்சது நானுங்க. அது சிரிக்கல."

ஊதா ஆடு

பிள்ளை என்ன வண்ணம் தீட்டினாலும் திருத்தக் கூடாது, பாராட்ட வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. ஆட்டுக்கு ஊதா தீட்டிய ஒரு சிறுமியின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே மகள் தலையைத் தடவி, "நல்லாகீதுடி" என்றார். நான் மகிழ்ந்துபோனேன். அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்போது மெதுவாகப் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், இந்த மாதிரி ஆடு கெடைச்சா சொல்லுங்க. காட்டுல காணாமப் போனா சீக்கிரமாக் கண்டுபுடிச்சிடலாம்."

அப்பாவின் மாடு

மேடம் பார்க்கப்போகிற வாரத்துக்குப் படம் மாடு. புல்வெளியில் நிற்கிற மாடு. தாள் எண்ணித்தான் வரும், பிள்ளைக்கு ஒன்று. மேடம் வருவதற்கு முந்தின நாளே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஜீப் ஓட்டுகிற ஒருவரின் வீட்டில் மலைத்து நின்றுவிட்டேன். கோட்டைத் தாண்டாத செவலை நிறம், கொம்பு நுனியில் நிழல், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது யாரு தீட்டினது, கண்ணு?" என்று பையனைக் கேட்டேன். நாலு வயது, பொய் இன்னும் பழகவில்லை. "அப்பா" என்றான். அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் நகக்கண்களில் பழுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டேன். இந்தப் படம் செல்லாது. மிச்சம் பத்துப் பிள்ளைகள். அதில் ஒன்று குறைந்தாலும் ஊர் போய்விடும். என் முகம் போன போக்கைப் பார்த்து, "வால் வரிக்கும் போடறதுக்குள்ள எழுந்து ஓடிட்டான் டீச்சர்" என்றார். நான் வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் மயிலு இருந்தா குடுங்க. எனக்கில்ல, பையனுக்குத்தான்."

வெள்ளை மாடு

மறுநாள் மேடம் வந்தார். ஒன்பது படங்கள் தேறின. பத்தாவது வீடு செல்வியுடையது. அவள் கொண்டுவந்து நீட்டிய தாளில் புல் அடர்பச்சையாக, மெழுகு பளபளக்கும்படி இருந்தது. மாட்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"இது இன்னும் முடிக்கலையே" என்று மேடம் பேனா மூடியைத் திறந்தார்.

"முட்ச்சிட்டேன்" என்றாள் செல்வி.

"எங்க மாடு வெள்ளைங்க மேடம்" என்றார் அவள் அம்மா. "வேற இன்னா கலரு போடும் புள்ள?"

"இப்படிச் சொல்லி எல்லாரும் வெறும் தாளைக் குடுத்துட்டா நான் என்னம்மா பண்றது?"

பேனா பதிவுத்தாளில் இறங்கப்போனது. அதுவரை மேடத்திடம் "சரிங்க மேடம்" என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. "மாடு பின்னாடிதான் கட்டியிருக்கு மேடம். வந்து பாருங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

போனோம். மாடு கண்ணிமை வரை வெள்ளை. மேடம் எதையும் சரிபார்க்காமல் விடாதவர். தாளை அதன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். மாடும் தாளைப் பார்த்தது. நாக்கை நீட்டி ஒரே இழுப்பு. மேடத்தின் விரல்களுக்கு நடுவில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது.

செல்வியின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேடம் அந்த மூலையைப் பார்த்தார், அசைபோடுகிற மாட்டைப் பார்த்தார், பிறகு பதிவுத்தாளில் பத்து என்று எழுதினார். "தாள் இல்லைன்னா காரணம் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?" என்று என்னைக் கேட்டார். செல்வி முந்திக்கொண்டாள்.

"புல்லு நெஜமாட்டம் போட்டுட்டேன். அதான் தின்னுட்சி."

அந்தக் காரணம் அப்படியே மேலே போனது. ஊரும் நானும் பட்டியலில் நிலைத்துவிட்டோம். மாட்டுப் படத்தை மாட்டுக்குக் காட்டக் கூடாது என்று எல்லா ஊர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்ததைத் தவிர வேறு சேதமில்லை.