மகள் கல்யாணமும் ஈராக் அடித்த கோலும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் வாராவாரம் உங்களோடு எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை கிரானில் ஒரு கல்யாண வீடு. பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு பெண், "உங்கட மகள்ட சம்பந்தம் எப்பிடிப் பொருந்தின?" என்று கேட்டாள்.

"ஈராக் வெண்டதால" என்றேன்.

அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. நான் பகிடி விடவில்லை... உண்மையைத்தான் சொன்னேன்.

கதிரவெளியில் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு சண்டை வந்து எங்களையே கிளப்பிக் கொண்டுபோனது. தேற்றாத்தீவில் அக்கா பூரணத்தின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். என் மகள் வதனிக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒரு கிணறு — அதிலும் உப்புத் தண்ணீர். வந்த சம்பந்தமெல்லாம் தேத்தண்ணி குடித்துவிட்டு, "மறுகா சொல்லுறம்" என்று போனது.

கடைசியாகக் கிரானிலிருந்து சாமித்தம்பி என்பவர் மகனுக்குப் பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். வயல்வட்டையில் நல்ல நிலம் உள்ள ஆள். அதற்கு முன் நெடுங்காலம் சவூதியில் லொறி ஓட்டியவர். இதுவும் தவறினால் வதனி இனி ஒருவர் முன்னும் தேத்தண்ணி கொண்டுவந்து நிற்க மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர் வரக் குறித்த நாளில்தானா ஆசியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதி ஆட்டம் வர வேண்டும்? ஆடியது யார் யார்? ஈராக்கும் சவூதியும்.

அக்கா வீட்டில் ஈராக் என்றால் உயிர். அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், கூரையில் டிஷ் பூட்டியிருந்தார். அவுஸ்திரேலியாவை ஈராக் அடித்த நாளிலிருந்து அக்காவின் சோறு அடிப்பிடிக்கத் தொடங்கியது. கொரியாவோடு பெனால்டி வரை இழுபட்டபோது கண்ணகி அம்மனுக்கு நேர்த்தியே வைத்துவிட்டாள்.

"கண்ட நாட்டுக்கெல்லாம் நேர்த்தி வைக்கியே, அம்மாளுக்கு ஈராக் எங்க இரிக்கெண்டு தெரியுமா?" என்றார் அத்தான்.

"அவங்களும் சொந்த ஊரில விளையாட ஏலாம ஊரூராத் திரியிற ஆக்கள்தானே. அம்மாளுக்கு விளங்கும்."



சாமித்தம்பி மகனோடு பின்னேரம் ஓட்டமாவடி பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று நான் குசினிக் கதவுக்குப் பின்னால் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி — "டீவி எந்தப் பக்கம் இரிக்கி?"

ஆட்டம் தொடங்கியது. "நான் திண்டது சவூதிச் சோறு. அதுக்குத் துரோகம் செய்ய மாட்டன்" என்றார்.

"இண்டைக்கு எங்கட சோறும் இரிக்கி. திண்டுபோட்டுக் கட்சி மாறுங்க" என்றாள் அக்கா.

வதனி தேத்தண்ணியோடு வந்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். தகப்பனோ, "தள்ளி நில்லு புள்ள, கோணர் அடிக்கப் போறான்" என்றார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவளும் தள்ளி நின்றாள். மூலையிலிருந்து வந்த பந்தை ஈராக்காரன் ஒருவன் தலையால் முட்டினான். கோல். ஆட்டமும் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

இந்த இடத்தில் எங்கள் கொம்பு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணகி அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொழுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்களை மற்றப் பக்கத்தார் வசைபாடுவார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் கோபிக்கக் கூடாது. அக்காவின் வாய்க்கு ஊரே பயம். அவளுக்குக் கொம்பும் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். கைதட்டி எடுத்துவிட்டாள்:

"ஒட்டகத்த நம்பி வந்த
ஊர்ப் பெரியார் எழும்புங்க
ஓட்டமாவடி பஸ்ஸும் போச்சு
ஒரு கோலும் காணல்லியே"

அத்தான் டீவியை நிறுத்தினார். சாமித்தம்பி சிரிக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"எழும்பு மனே, போவம்."

குசினிக்குள் வதனி என் கையைப் பிடித்தாள்.

ஆண்கள் இருக்கும் இடத்தில் போய் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. எப்படிப் போனேனோ, தெரியாது.

"சம்பந்தி, உங்கட பக்கம் இன்னும் பாடல்லியே. பதில் பாடாமக் களத்த விட்டுப் போற முறை இல்ல."

சொன்ன பிறகுதான் விளங்கியது — ஒன்றுமே முடிவாகாமல் அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டேன். அக்காவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசற்படியில் நின்றவர் கிறுகிப் பார்த்தார்.

"நீங்க எந்தச் சேரி?"

"தென்சேரி."

"அதானே பார்த்தன். நாங்க வடசேரி."

திரும்பி வந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். எங்களுக்கு வீடில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் இப்படிப் பாட வருமா?

"பாட்டெடுத்த பூரணக்கா
வீட்டுக் கவலை விட்டிடக்கா
மாட்டுக் கொட்டில் ஒண்டு போதும்
மாப்பிள்ளையக் கட்டிப் போட"

"அப்பா, நான் என்ன மாடா?" என்றான் மாப்பிள்ளை.

"சும்மா இரி மனே. பாட்டுக்குப் பொருந்த வேணாமா?"

குசினிக்குள் வதனி சிரித்தது வெளியே கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாங்கள் எவ்வளவோ காலமாகியிருந்தது. வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சு நேரே நாள் வைப்பதற்குப் போய்விட்டது.

தோற்றவனைப் பார்த்து "பாவம்" என்கிறோமே, அதைக் கேட்டால் அவன் எழும்பிப் போய்விடுவான். நன்றாகப் பகிடி பண்ணி, பதில் சொல்லவும் இடம் விட்டுப் பாருங்கள்... இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். சாமித்தம்பியும் சாப்பிட்டார். அடிப்பிடித்த சோறுதான்.

ஈராக் ஆடிய ஆட்டங்களை நான் முன்பின்னாக எழுதியிருக்கலாம். கொரியாவோடு பெனால்டி வந்ததா, அந்தக் கோலைத் தலையால்தான் அடித்தார்களா என்று தெரிந்தவர்கள் ஆராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். என் சம்பந்தியிடம் மட்டும் கேட்க வேண்டாம் — அவர் இன்றைக்கும் அது ஓஃப்சைட் என்றுதான் சொல்கிறார்.