பெட்டிக்குள் குரைத்த நாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டரையும் சாமியையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் கோயிலடியில் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. ஆனால் ஊரில் இப்போது கதை வேறு மாதிரிப் போகிறது. அதனால் எழுதுகிறேன்.

சீனி வருத்தத்தால் என் மனைவியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண்ணும் மங்கிவிட்டது. எங்கள் கண்ணகி அம்மன் கோயில் வருடத்தில் ஒரு தடவை, வைகாசியில்தான் கதவு திறக்கும். கடைசியில் அம்மாளைக் குளிர்விக்கிற குளுத்திச் சடங்கில் நீர் தெளித்து முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். மற்ற மாதங்களில் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவள் குளுத்தியைத் தவறவிட்டதில்லை. கால் போன பிறகு ஒரு தடவை கூட்டிப் போனேன். மணலில் சக்கர நாற்காலி புதைந்துவிட, நாற்காலியோடு தூக்கிப் போக வேண்டி வந்தது.

"சனமெல்லாம் அம்மாளப் பாக்காம என்னையெல்லுவா பாக்குது. இனி நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

கோயில் பொடியன்கள் குளுத்தியை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். கைபேசியின் சின்னத் திரை அவளுடைய கண்ணுக்குக் காணாது. எங்கள் வீட்டில் சாமித்தட்டுக்குக் கீழே பெரிய டிவி உண்டு. கட்டாருக்குப் போன மகன் படம் பார்க்க அதில் பொருத்திவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் பெட்டியும், ஆளுயர ஸ்பீக்கர்களும் அப்படியே இருந்தன. ஆனால் பெட்டியைப் போட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சோறு வெந்து இறக்கினாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஏறாவூரில் இருந்து புடவை விற்க வரும் பழைய முஸ்லிம் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். சவூதியில் கம்ப்யூட்டர் திருத்துகிற இடத்தில் வேலை செய்தவர். அவரிடம் காட்டினேன்.

"பெட்டியில பழுதில்ல மச்சான். உள்ளுக்க கிடக்கிறதுதான் பாரம். பாரமில்லாத லினக்ஸ் ஒண்டு போடுவம்" என்றார்.

பாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவள் தன்னைப் பற்றிச் சொல்லுகிற சொல்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளாம். அவர் அதில் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் எலிப் படம். மற்றதன் பெயரே நாய்க்குட்டி.

"எலி பாக்க வடிவு. ஆனா உங்கட பெட்டி தாங்காது. நாய்தான் சரி."

"சாமித்தட்டுக்குக் கீழ நாயா? வேணாம். எலியப் போடுங்க, பிள்ளையார்ர வாகனம்" என்றேன்.

"எங்களுக்கும்தான் நாய் ஆகாது மச்சான். இது நக்காது, பயப்படாதீங்க."

நான் விடவில்லை. கற்பூரம் கொளுத்தி எலியைத்தான் போடுவித்தேன். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. வேறொரு கோயில் பூசையை வைத்துப் பார்த்தபோது மேளம் முன்னால் ஓடியது, படம் பின்னால் நின்று விறைத்தது.

எங்கள் கோயிலிலும் கதவு திறந்துவிட்டார்கள். நான் காலையில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, சமைத்து, ஊசி போட்டு, பின்னேரமானால் அதைச் சரிப்படுத்த அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்துவேன். முதுகு விட்டுப் போயிற்று. பிள்ளையாரிடம் கேட்கக்கூட அலுப்பாக இருந்தது.

"இஞ்சேருங்க, விடுங்க" என்றாள் அவள். "என்னத் தூக்கிறது காணாதெண்டு அதையும் தூக்கிறீங்க."

நான் பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அது விழிப்பதற்குள் அவள் கேட்டாள். "வைரவருக்கு என்ன வாகனம்?"

"நாய்."

"அவர் கோயில் வாசலில நிண்டு காவல்தானே பாக்கிறார்? தட்டுக்குக் கீழ நிண்டா என்ன குறைஞ்சு போகும்?"

இத்தனை வருடம் வைரவர் மடைப் படையலில் வடைமாலை சாத்தியவன் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

ஏறாவூருக்குப் போன் அடித்தேன். "மறுகா நாயிட்டத்தான் வந்தீங்க" என்று சிரித்தார். வந்து, ஒரு பென்டிரைவில் நாய்க்குட்டியை ஏற்றிக் குத்தினார். பிரவுசர் வேண்டாம், படத்தை நேரே பிளேயருக்குள் எடுப்போம், தெளிவைக் கொஞ்சம் குறைப்போம் என்றார். பெட்டி விழித்ததும் அந்த ஆளுயர ஸ்பீக்கர்களில் நாய் குரைத்தது. அது தொடங்கும்போது போடுகிற சத்தமாம். பக்கத்து வீட்டு வளவு நாய் பதிலுக்குக் குரைத்தது.

"வைரவர் வந்திட்டார்" என்று சொல்லி அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை.

குளுத்தியன்று படம் சற்று மங்கல்தான். ஒரு தடவை நின்று, பிறகு ஓடியது. பூசை செய்கிற கப்புகனார் வேப்பிலையால் நீர் தெளித்தபோது, அவள் டிவிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள். டிவிக்குள் இருந்து நீர் வராதே. நான் வளவு வேம்பில் ஒரு கொத்து முறித்து, செம்பு நீரில் தோய்த்து அவள் தலையில் தெளித்தேன்.

"அம்மாள் தெரியுதா?"

"சீலை தெரியுது. அது காணும் எனக்கு."

இப்போது ஊரில், வைரவர் டிவிக்குள் வந்து குரைத்தார், அவளுக்குக் கண் தெளிந்தது என்று சொல்கிறார்கள். கண் தெளியவில்லை. இன்றும் காலையில் நான்தான் தூக்கி இருத்துகிறேன். அம்மாள் எங்களுக்குத் தந்தது அந்தச் சிரிப்பும், மங்கலாக ஒரு சீலையும். அதுவே எங்களுக்குப் பெரிது.

வாசிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீட்டோடு கிடக்கிற யாருக்காவது உதவும். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். நாயை வைரவராக்க வேண்டாம், ஏறாவூர்க்காரரை விட்டுவிடவும் வேண்டாம்.